தோள் அறுவைக்குப் பிறகு ‘கரண்ட்’ வைத்துக்கொண்டவர்கள்: மனத்தில் நின்றதைப் பகிருங்கள்

ஸ்லிங்கில் ஆறு வாரம்

தோள் தசைநாணைத் தைத்து மூன்றாவது வாரம் அது. வலி குறையத்தான் கரண்ட் வைக்கப்போகிறார்கள் என்று எண்ணி உட்கார்ந்தேன். பிசியோதெரபிஸ்ட் என் கையைத் தலையணைமேல் கிடத்தி, தோள்பட்டை எலும்பின் பின்புறம் இரண்டு பேடுகளை ஒட்டி, “நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அதுவே செய்யும்” என்றார். முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அளவு கூடக்கூட, பின்தோளில் ஏதோ திரண்டு இறுகி, தலையணையில் கிடந்த முன்கை நான் ஏவாமலேயே வெளிப்பக்கமாக ஒரு விரற்கடை தூரம் திரும்பியது. பத்து விநாடி அப்படியே நின்றுவிட்டுத் தளர்ந்தது. சற்று இடைவெளிக்குப் பின் மறுபடியும் திரும்பியது. கையை நீங்களாக அசைக்கவே கூடாது என்று அறுவை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்க, கரண்ட் மட்டும் என் தசையை இழுக்கலாமா? அன்று வாய்திறந்து கேட்காமல் வந்துவிட்டேன். தையல் என்னவாயிற்றோ என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

செம்புள்ளி

எனக்கு நேர்ந்தது சிறிய விஷயம்தான். பல நாள் பயன்படுத்திய பேடு அது. பசை உலர்ந்து, ஒரு ஓரம் தோலைவிட்டுப் பிரிந்திருந்தது. ஒட்டியிருந்த மறு ஓரத்தில் ஊசியால் குத்துவதுபோல் சுரீரென்றது. கரண்ட் என்றால் அப்படித்தான் இருக்கும்போலும் என்று இருபது நிமிடமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கழற்றியபோது நாணய அளவில் சிவந்து தடித்திருந்தது.

பழைய நோயாளி

முதலில் எழுதியவர் இரண்டு வேறு சிகிச்சைகளை ‘கரண்ட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கியதால்தான் இவ்வளவு குழப்பம். வலிக்கு வைப்பது டென்ஸ் (TENS) எனப்படும் தோல்வழி நரம்புத் தூண்டல். நொடிக்கு ஏறத்தாழ 80 முதல் 120 துடிப்புகள் உணர்வு நரம்புகளைத் தூண்டும். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாட்டின்படி, அந்த உணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. அதற்குத் தசை துள்ள வேண்டியதில்லை. உங்களுக்கு வைத்ததோ தசைத் தூண்டல். வலியும் வீக்கமும் இருக்கும்போது தசை மூளையின் கட்டளைக்குச் சரியாக இணங்காது என்பதால், நொடிக்கு 35 முதல் 50 துடிப்புகள் கொடுத்து இயக்க நரம்பு வழியாக அதைச் சுருங்க வைக்கிறார்கள். நாமாகச் சுருக்கும்போது தசை இழைகள் முறைவைத்து வேலை செய்யும். கரண்ட் ஒரே இழைகளைத் திரும்பத் திரும்ப ஏவுவதால் அவை விரைவில் சோர்ந்துவிடும். இடையிடையே நீண்ட ஓய்வு விடுவது அதற்காகத்தான். தையலைப் பொறுத்தவரை, எந்தத் தசைநாண் தைக்கப்பட்டது, எந்தத் தசையைத் தூண்டினார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து அறுவை மருத்துவர்தான் அனுமதிக்க வேண்டும்.

செம்புள்ளி நண்பரே, பொறுத்துக்கொண்டது உங்கள் தவறு. பேடு முழுதாக ஒட்டாதபோது மொத்த மின்னோட்டமும் எஞ்சிய சிறு பரப்பின் வழியே பாய்கிறது. சுரீரென்ற உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவர் ஒப்புதலின்றி இதன் அருகிலேயே போகக் கூடாது. கழுத்தின் முன்பக்கத்திலும், ஆறாத காயத்தின் மீதும், மரத்துப்போன தோலிலும் பேடு ஒட்டக் கூடாது. தோளுக்குள் உலோகம் இருக்கிறதே என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஆழமாகச் சூடேற்றும் டயதெர்மிக்கே பொருந்தும்.

என் அனுபவமா? டென்ஸ் வைத்த நாட்களில் மாலைப்பொழுது சற்று எளிதாகக் கழிந்தது, அவ்வளவே.

அசையாத தோள்

மேலே நடத்தப்பட்ட பாடம், நரம்பு நன்றாக இருப்பவர்களுக்கானது. எனக்குத் தோள் நழுவி எலும்பும் முறிந்ததால் பிளேட் வைத்தார்கள். அதன் பிறகு மேற்கையின் வெளிப்புறத்தில் ஓரிடம் மரத்தே கிடந்தது. முதல் நாள் கரண்ட் வைத்தபோது தோள்மூட்டைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசை அசையவில்லை. பிசியோதெரபிஸ்ட் அளவைக் கூட்டினார். பக்கத்துத் தசைகள் துள்ளின, அது மட்டும் கிடந்தபடியே கிடந்தது. “பேடு சரியில்லைபோல” என்று மூன்று முறை மாற்றி ஒட்டினார். பிறகு ஒன்றும் பேசாமல் வேறு முறைக்கு மாற்றி, மிக நீண்ட துடிப்புகளைக் கொடுத்தார். அப்போதுதான் தசை மண்புழு நெளிவதுபோல் மெல்ல அசைந்தது. நரம்புத் தொடர்பு அறுந்த தசை அப்படித்தான் அசையும் என்பதையும், நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளரும் என்பதையும் பின்னர் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். ஐந்தாவது மாதத்தில் சாதாரணக் கரண்டுக்கே தசை வெடுக்கென்று துள்ளியபோது, என் மறு கையைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டியவரும் அதே பிசியோதெரபிஸ்ட்தான். முதல் நாளே அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம்; என்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லையா, சொல்லத் தயங்கினாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஸ்லிங்கில் ஆறு வாரம்

பழைய நோயாளி அவர்களுக்கு நன்றி, கடிந்துகொண்டதையும் ஏற்றுக்கொள்கிறேன். அறுவைக் குறிப்பை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தைத்தது தோள்பட்டை எலும்பின் மேல்புறத் தசையின் நாண். கரண்ட் வைத்தது அதற்குக் கீழே உள்ள தசைக்கு. அடுத்த முறை போகும்போது இந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லப்போகிறேன்.