ஆன்லைன்ல கேன்சர், பாலியேட்டிவ் கேர் பிஜி டிப்ளமோ: நகைய வச்சு படிக்கலாமா?

தக்கலை_சிஸ்டர்:
எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்சி நர்சிங் முடிச்சு 9 வருசம் ஆச்சு, 3 வருசமா கேன்சர் வார்டுலதான் ட்யூட்டி. கீமோ ஏத்துறதெல்லாம் கை பழகிட்டு. ஆனா டாக்டர் "இனி வீட்டுக்கு கூட்டிட்டு போங்க"ன்னு சொன்ன பெறவு அந்த வீட்டு ஆளுவ லிப்ட் பக்கத்துல என்னை நிறுத்தி "சிஸ்டர், ராத்திரி வலி வந்தா என்ன செய்யணும்"னு கேக்கும்போ எனக்கு வாய் வரமாட்டேங்கு. யுகே யுனிவர்சிட்டி ஒண்ணுல கேன்சர், பாலியேட்டிவ் கேர் (கடுமையான நோய்ல வலி, கஷ்டத்த குறைக்குற கவனிப்பு) பிஜி டிப்ளமோ இருக்கு, முழுக்க ஆன்லைன், 2 வருசம் பார்ட் டைம். பீஸ் பாத்தா தலை சுத்துது. வீட்டுக்காரரு "அதுக்கு எம்எஸ்சி நர்சிங் சேந்தா நர்சிங் காலேஜ்ல டியூட்டரா போலாம்லா"ன்னு சொல்லுதாரு. ரெண்டு பிள்ளைய வேற. படிச்சவங்க யாராச்சும் இருக்கியளா?

குளச்சல்_டாக்டர்:
நான் யுகேல உள்ள கார்டிஃப் யுனிவர்சிட்டியில பாலியேட்டிவ் கோர்ஸ் டிஸ்டன்ஸா பண்ணினவன். 1989லயே தபால்ல தொடங்கின கோர்ஸ் அது, இப்பதான் எல்லாரும் ஆன்லைன் ஆன்லைன்னு சொல்லுதாங்க. படிப்பு கொள்ளாம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கணக்கு போட்டுக்கோங்க: யுகேல சர்டிபிகேட்னா 60 கிரெடிட், டிப்ளமோ 120, எம்எஸ்சி 180. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம். அப்ப டிப்ளமோவுக்கு 1200 மணி நேரம், 2 வருசத்துக்கு வாரம் 11, 12 மணி நேரம் வருது. நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து பிள்ளையள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு உக்காந்து எழுதணும், அதுவும் மனப்பாடம் செல்லாது, உங்க பேஷண்டுக்கு ஏன் இந்த மருந்த குடுத்தீங்க, வேற என்ன செஞ்சிருக்கலாம்னு தோண்டி தோண்டி கேப்பாங்க. இன்னொண்ணு, இத வச்சு இங்க எம்எஸ்சி நர்சிங்குக்கு சமம்னு யாரும் எடுத்துக்கிட மாட்டாங்க. டியூட்டர் வேலைதான் வேணும்னா வீட்டுக்காரரு சொல்லுதது சரியாக்கும்.

ரப்பர்காட்டான்:
நகைய வைக்காதீங்க சிஸ்டர். மார்த்தாண்டத்துல இருந்து பஸ் ஏறினா திருவனந்தபுரம், நம்ம ஆளுவ ஆர்சிசிக்கு (அங்க உள்ள கேன்சர் ஆஸ்பத்திரி) போற அதே ரோடுதான். அங்க டாக்டர் ராஜகோபால் 2003ல ஆரம்பிச்ச பாலியம் இந்தியாங்கிற அமைப்போட டிப்ஸ்ல (பாலியேட்டிவ் கேர் சொல்லிக்குடுக்கிற இன்ஸ்டிடியூட்) நர்சுக்குன்னே 6 வாரம் கோர்ஸ் இருக்கு. அதுக்கும் லீவ் கிடைக்கலன்னா இந்தியன் அசோசியேஷன் ஆஃப் பாலியேட்டிவ் கேர் நடத்துற 8 வார சர்டிபிகேட் கோர்ஸ் வீட்ல இருந்தே படிக்கலாம். வலி இங்க கிடக்கு, படிக்க லண்டனுக்கா போணும்?

குளச்சல்_டாக்டர்:
@ரப்பர்காட்டான் 6 வாரத்தையும் 2 வருசத்தையும் ஒரே தராசுல வைக்கப்பிடாது மக்கா. நாளைக்கு ஒரு யூனிட் தொடங்கணும், நாலு பேருக்கு சொல்லிக்கொடுக்கணும்னா டிப்ளமோ வேணும். ஆனா முதல்ல எதுன்னு கேட்டா நானும் திருவனந்தபுரம்தான் சொல்லுவேன்.

பிசியோ_அருமனை:
நான் பிசியோ, வீட்டுக்கு வீடு போற டீம்ல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுகேன். ரப்பர் பால்வெட்டு வேலை செஞ்ச ஒரு தாத்தா, வாய்ப் புத்துநோய், வெத்தலையும் பொகலையும்தான். கன்னம் புண்ணாகி திறந்திட்டு. நாத்தம் தாங்காம அவர திண்ணையில போட்டு மறைப்பு கட்டியிருந்தாங்க, பேரப்பிள்ளையள கிட்ட விடல. கூட வந்த நர்ஸ் அக்கா மெட்ரோனிடசோல் (கிருமிய கொல்லுற மருந்து) மாத்திரைய பொடிச்சு புண்ணுல தூவி பேண்டேஜ் போட்டுவிட்டாங்க, மருமகளுக்கும் செய்யுக விதத்த சொல்லிக்கொடுத்தாங்க. சில நாள்ல நாத்தம் நல்லா குறைஞ்சிட்டு, பெறவு போனப்ப சின்னவன் அவரு கட்டில்ல உக்காந்து ஹோம் ஒர்க் எழுதுகான். அந்த அக்கா படிச்சது 6 வாரம்தான்.

இன்னொரு விசயம், வலிக்கு மார்பின் (அபின் வகை மருந்து). 4 மணி நேரத்துக்கு ஒருக்கா, கூடவே மலம் இளக்க மருந்தும் கண்டிப்பா. இத எந்த கோர்ஸ்லயும் சொல்லித்தருவாங்க. ஆனா உங்க ஆஸ்பத்திரியில மார்பின் இருக்கா? 1985 போதைப்பொருள் சட்டத்துக்கு பயந்து பல இடத்துல வாங்கி வைக்கவே மாட்டாங்க. 2014ல சட்டத்த திருத்தி லேசாக்கிட்டாங்க, ஆஸ்பத்திரி ஆர்எம்ஐன்னு (அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்) அங்கீகாரம் வாங்கினா போதும். அது இல்லாம நீங்க டிப்ளமோ படிச்சிட்டு வந்தாலும் பாரசிட்டமால் குடுத்துட்டுதான் நிக்கணும்.

தக்கலை_சிஸ்டர்:
பிசியோ அண்ணே, இன்னைக்கு காலையில பார்மசியில போய் கேட்டேன். மார்பின் இல்ல, அத விட வலு குறைஞ்ச ட்ரமடால்தான் இருக்காம். ஆர்எம்ஐன்னா என்னன்னு என்கிட்டயே திருப்பி கேக்காங்க. மேட்ரன் அம்மாகிட்ட 6 வாரம் லீவ் கேக்கப்போறேன், தரலன்னா அந்த 8 வார கோர்ஸ். நகை இப்போதைக்கு பீரோவுலயே இருக்கட்டும். அண்ணே, அந்த மாத்திரைப் பொடி தூவுததுக்கு முன்னாடி புண்ண சலைன்ல கழுவணுமா?

பிசியோ_அருமனை:
ஆமா, சலைன் போதும். வெதுவெதுப்பா இருந்தா எரியாது. பழைய பேண்டேஜ நனைச்சு பைய எடுக்கணும், சட்டுனு இழுத்தா ரத்தம் வரும்.