கலர் பிரிண்டில் நீலம் வரவில்லை, கடல் ரோஸ் நிறத்தில் வருகிறது: உதவி தேவை

தேனருவி:
வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது கருப்பு ஒன்று, கலர் ஒன்று என இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர். கலர் கார்ட்ரிட்ஜை போன வாரம் கடையில் கொடுத்து ரீஃபில் செய்து வாங்கினோம். எழுத்து பளிச்சென்று வருகிறது. மகளின் பள்ளி புராஜெக்டுக்கு இந்திய வரைபடம் எடுத்தால் கடல் முழுக்க ரோஸ், காடுகள் மஞ்சள். தேசியக் கொடியில் காவி நன்றாக இருக்கிறது, பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். ஹெட் கிளீனிங் (இங்க் தெளிக்கும் ஹெட்டை பிரிண்டரே சுத்தம் செய்வது) கொடுத்தும் மாற்றமில்லை. புது கார்ட்ரிட்ஜ்தான் தீர்வு என்கிறார்கள், ஆனால் விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை புராஜெக்ட் கொடுக்க வேண்டும். வேறு வழி உண்டா?

வேகநடை:
டீப் கிளீனிங்கை விடாமல் ஐந்தாறு முறை கொடுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

மைக்கூடு:
அதைச் செய்யாதீர்கள். கிளீனிங் கொடுக்கும்போது அடைத்த நிறத்திலிருந்து மட்டும் இங்க் போவதில்லை. கலர் கார்ட்ரிட்ஜில் இருக்கும் மூன்று நிறமும் சேர்ந்து உறிஞ்சப்பட்டு, வீணாகும் இங்க் சேரும் பஞ்சான வேஸ்ட் இங்க் பேடுக்குப் போகும். நீலத்தைத் தேடப்போய் நன்றாக இருக்கும் மஞ்சளும் தீர்ந்துவிடும்.

தேனருவி, நீங்கள் சொன்ன கொடியிலேயே பாதி விடை இருக்கிறது. பிரிண்டரில் காவி என்பது மெஜந்தாவும் (ரோஸ் இங்க்) மஞ்சளும் சேர்ந்து வருவது. அது சரியாக இருப்பதால் அந்த இரண்டும் ஓடுகின்றன. பச்சைக்கு சயானும் (நீல இங்க்) மஞ்சளும் வேண்டும். சயான் இல்லாததால் மஞ்சள் மட்டும் மிஞ்சுகிறது. கடலுக்கும் அதே கதைதான், சயான் போய் மெஜந்தா மட்டும் விழுகிறது. ஆக, சயான் ஒன்றுதான் நின்றிருக்கிறது.

ஏன் நின்றது என்று பார்க்க டிஷ்யூ பேப்பர் போதும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, நாலாக மடித்த டிஷ்யூவை லேசாக நனைத்து, அடியில் இங்க் வெளிவரும் நுண்துளைகளான நாசில் பகுதியை அதன்மேல் சில விநாடி அழுத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம். மூன்று நிறக் கோடுகள் விழ வேண்டும். நீலக் கோடு விழாவிட்டால் அடைப்பு, அல்லது அந்த அறையில் இங்க் இல்லை. கோடு நன்றாக விழுந்தும் பேப்பரில் நீலம் வராவிட்டால், கார்ட்ரிட்ஜுக்கு மின்சாரம் தரும் செம்புப் பட்டை (காண்டாக்ட்) அழுக்காகியிருக்கலாம், அல்லது நாசிலே எரிந்திருக்கலாம். இவ்வகைக் கார்ட்ரிட்ஜ்கள் இங்கைச் சூடாக்கித் துளியாகத் தள்ளுபவை. இங்க் இல்லாமல் ஓட்டினால் உள்ளிருக்கும் ஹீட்டர் போய்விடும். அப்படியானால் புதியதுதான் வாங்க வேண்டும்.

தேனருவி:
பார்த்தேன் சார். ரோஸ், மஞ்சள் இரண்டும் நன்றாக விழுந்தன. நீலம் ஒரு நூல் அளவுக்கு, அதுவும் விட்டுவிட்டு.

மைக்கூடு:
கொஞ்சமாவது வருகிறதே, நல்ல சேதி. காய்ந்த இங்க் அடைத்திருக்கிறது. ஒரு தட்டில் கைபொறுக்கும் சூட்டில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். நாசில் மட்டும் நனையும்படி ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். செம்புப் பட்டையில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் நன்றாகக் காயவைத்த பிறகே போட வேண்டும். மறுபடி டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். முதலில் மஞ்சள் கோடு பச்சையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், நாசில் முகத்தில் நிறங்கள் கலந்திருக்கும். மஞ்சள் மஞ்சளாக விழும்வரை ஒற்றுங்கள். அதன்பிறகு பிரிண்டரில் போட்டு ஒரே ஒரு கிளீனிங் கொடுத்துவிட்டு நாசில் செக் (எல்லா நிறமும் வருகிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம்) எடுங்கள்.

தேனருவி:
நீலம் வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் புதிதாக ஒன்று. வரைபடத்தின் மேல் பாதி அருமையாக இருக்கிறது. இலங்கைப் பக்கம் வரும்போது கடல் வெளுத்து மறுபடி ரோஸாகிறது. பத்து நிமிடம் கழித்து எடுத்தாலும் இதேபோல் மேலே நன்றாக வந்து கீழே வெளுக்கிறது.

ஜெராக்ஸ்கடை:
அக்கா, நான் ரீஃபில் வேலை செய்பவன். கார்ட்ரிட்ஜ் மேல்புறத்தில் பழைய ஸ்டிக்கர் இருக்கிறதா, செலோடேப் ஒட்டியிருக்கிறார்களா?

தேனருவி:
செலோடேப்தான். மூன்று ஓட்டைகளையும் இறுக்க மூடி ஒட்டியிருக்கிறார்கள்.

ஜெராக்ஸ்கடை:
அதுதான் காரணம். உள்ளே ஸ்பாஞ்சில் இருக்கும் இங்க் கீழே இறங்க இறங்க, மேலே காற்று உள்ளே போக வேண்டும். கம்பெனி ஸ்டிக்கருக்கு அடியில் அதற்கென்றே மெல்லிய பள்ளக்கோடுகள் இருக்கும். டேப் எல்லாவற்றையும் மூடிவிட்டதால் உள்ளே வெற்றிடம் உண்டாகி இங்க் இறங்க மறுக்கிறது. ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் இறங்கும், அரைப் பக்கத்தில் தீர்ந்துவிடும். நீல ஓட்டைக்கு மேல் டேப்பில் குண்டூசியால் சின்னதாகக் குத்துங்கள். ஊசியைத் துடைத்துவிட்டு மற்ற இரண்டுக்கும் குத்துங்கள். துடைக்காமல் குத்தினால் நிறம் கலந்துவிடும்.

அடுத்த முறை வீட்டிலேயே ஊற்றுவதாக இருந்தால், எந்த ஓட்டையில் எந்த நிறம் என்று பல்குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் இடம் மாறும். சிரிஞ்சில் மெதுவாக ஊற்றுங்கள், ஓட்டையில் ததும்பினால் உடனே நிறுத்துங்கள். அளவு மீறினால் பக்கத்து அறைக்கு வழிந்து மஞ்சள் பச்சையாகிவிடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. ரீஃபிலுக்குப் பிறகும் திரையில் இங்க் இல்லை என்றே காட்டும். அது எவ்வளவு இங்க் செலவானது என்று கணக்குப் போட்டுச் சொல்வது, உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வதல்ல.

வேகநடை:
என்னிடம் இருப்பது எப்சன் இங்க் டேங்க். இதே டிஷ்யூ முறை செய்யலாமா?

மைக்கூடு:
கூடாது. எப்சனில் ஹெட் பிரிண்டருக்குள்ளேயே இருக்கிறது, கழற்றி நனைக்கும் பொருள் அல்ல. நாசில் செக் எடுங்கள், கோடு விட்டுப்போயிருந்தால் கிளீனிங் கொடுங்கள். மூன்று முறைக்குள் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டு, பிரிண்டரை 12 மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எந்த பிரிண்டரானாலும் அதன் பட்டனை அழுத்தி அணைத்த பிறகே பிளக் சுவிட்சை அணையுங்கள். அப்போதுதான் ஹெட் ஓரமாகப் போய் மூடிக்கொள்ளும், காயாது.

தேனருவி:
குண்டூசியால் குத்திய பிறகு இரண்டு வரைபடம் முழுதாக எடுத்தேன். அந்தமான் வரை கடல் நீலம்! மகள் கொடியையும் மறுபடி எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கொஞ்ச நாள் பிரிண்ட் எடுக்காமல் இருந்தால் திரும்ப அடைக்குமா?

மைக்கூடு:
அடைக்கும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். வாரம் ஒருமுறை மூன்று நிறமும் வரும்படி ஒரு சின்னப் படம் எடுத்துவிடுங்கள், அரைப் பக்கம் போதும்.