காயம்பட்ட பூனை தொடவே விடுவதில்லை. மருந்து கொடுப்பது எப்படி?

கேள்வி (கும்பகோணம்):
வணக்கம். எங்கள் கொல்லைப்புறத்தில் சோறு உண்டு பழகிய கடுவன் பூனை ஒன்று, வேறொரு கடுவனோடு சண்டையிட்டு வாலடியில் கடிபட்டது. முதலில் சிறு துளை மட்டுமே தெரிந்தது. சில நாளில் அவ்விடம் வீங்கி உடைந்து சீழ் வடிந்தது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து செலுத்திப் புண்ணைச் சுத்தம் செய்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அது கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொண்டு, கை நீட்டினாலே காதை மடக்கிச் சீறுகிறது. நேற்று வெளியே இழுக்க முயன்ற அம்மாவின் முன்கையில் நகம் ஆழப் பதிந்து இரத்தம் வந்துவிட்டது. புண்ணில் டெட்டால் நீரை ஊற்றுமாறு பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். என்ன செய்வது?

மறுமொழி 1:
முதலில் அம்மாவின் கையைக் கவனியுங்கள். பூனை கீறினால் ரேபீஸ் வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அது தவறு. கீறல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தம் கசிந்த கீறல் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், ஏனெனில் அத்தகைய காயத்துக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (ரேபீஸ் கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பு மருந்து) தேவைப்படும். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாள்களில் வரும். பூனை பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று முதல் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

மறுமொழி 2:
டெட்டால் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பீனால் வகைப் பொருளைப் பூனையின் கல்லீரலால் சரிவர முறிக்க இயலாது. பூனையோ புண்ணை நக்கிக்கொண்டே இருக்கும். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டுப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். புண்ணைத் துடைத்தே ஆக வேண்டுமானால், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும்.

மறுமொழி 3:
பல ஆண்டுகளாகத் தெருப் பூனைகளைப் பராமரித்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன். சீறுவது கோபத்தால் அன்று, வலியாலும் பயத்தாலும்தான். ஆகவே அதைத் தொட வேண்டிய தேவையைக் குறைப்பதே நல்ல வழி. கட்டில் இல்லாத சிறு அறையில், பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப் பெட்டியை வைத்து, அதற்குள் பழந்துணி விரித்துவிடுங்கள். ஒளிய இடம் கிடைத்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். பிறகு மருத்துவரிடம், மாத்திரைக்குப் பதிலாக இரண்டு வாரம் வேலை செய்யும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட இயலுமா என்றும், களிம்பு உண்மையிலேயே அவசியமா என்றும் கேளுங்கள். சீழ் வடிந்த புண் பெரும்பாலும் களிம்பின்றியே உள்ளிருந்து ஆறி வரும்.

மாத்திரைதான் என்றால், வேகவைத்த மத்தி மீனின் சதைக்குள் மறைத்து, பசித்திருக்கும் வேளையில் வையுங்கள். டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அவ்விடம் வெந்து சுருங்கிவிடும். எனவே தின்றவுடன் மீன் வேகவைத்த உப்பில்லாத நீரைச் சிறிது குடிக்க வையுங்கள். துண்டில் சுற்றிப் பிடிப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வாலடியை அழுத்தாமல், தோளிலிருந்து கழுத்துவரை மட்டும் இறுக்கமாக மூடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று. மருத்துவரும் நீண்டநாள் ஊசிக்கு ஒப்புக்கொண்டு, களிம்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். பெட்டிக்குள் போய்ப் படுத்திருக்கிறது, ஆனால் உணவை முகர்ந்துவிட்டு விலகிவிடுகிறது.

மறுமொழி 3:
மீனை வெதுவெதுப்பாக்கி வையுங்கள். மணம் எழுந்தால்தான் பூனைக்குப் பசி பிறக்கும். இரண்டு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். அதுவரை காத்திராமல், நாளையும் தின்னாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பூனை சிறுநீர் கழிக்க வைத்த மண் தட்டையும் பார்த்து வாருங்கள். கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், இரவென்றும் பாராமல் உடனே கொண்டு செல்ல வேண்டும்.