எஞ்சின் வகையே மாறும்போது: ‘மாறுபூட்டு’க்கு என் வாதம்

குழுவில் இருக்கிற எல்லோருக்கும் மட்டக்களப்பு கல்லடியிலிருந்து வணக்கம்.

ஒரு காருக்குள் வேறு வகை எஞ்சினைப் போடுகிற வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை நான் தொடங்கக் காரணம் ஒரு காப்புறுதிப் பத்திரம். அதை இன்னும் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அப்பாவின் மொறிஸ் மைனர் எங்கள் வளவில் நின்ற கார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அதற்கு மேலால் போனது. உப்புத்தண்ணி குடித்த எஞ்சின் இறுகிப்போய், கார் பல வருசம் தகரக் கொட்டிலுக்குள் கிடந்தது. மறுகா நாங்கள் கறள் சுரண்டி, தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வெல்ட் பண்ணி, கதவுக்குக் கதவு சரிபார்த்து, பொடியை (காரின் உடலை) மீட்டுவிட்டோம். எஞ்சினை மீட்க முடியவில்லை. சிலிண்டர்ச் சுவரை உப்பு தின்றிருந்தது. அதனால் ஒரு பழைய டட்சன் சனி (Sunny) காரின் ஏ12 எஞ்சினைப் பூட்டினோம். மைனரின் எஞ்சின் 1098 சிசி, இது 1171 சிசி.

காப்புறுதிக்கு ‘எஞ்சின் மாற்றப்பட்டுள்ளது’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த பத்திரத்தில் பழையபடி 1098 என்றே இருந்தது. கேட்டால், ‘எஞ்சின் மாத்தினது எண்டுதானே எழுதியிருக்கிறீங்க, அதே எஞ்சின் வேற ஒண்டு போட்டதாக நினைச்சோம்’ என்றார்கள். நான் எழுதிய வசனம் அவ்வளவைத்தான் சொல்லியது. பழுதான எஞ்சினைக் கழற்றி அதே வகை இன்னொன்றைப் போடுவதும் எஞ்சின் மாற்றம்தான், வேறு கம்பனியின் வேறு வகை எஞ்சினைக் கொண்டுவந்து அந்தக் காருக்குள் குடியேற்றுவதும் எஞ்சின் மாற்றம்தான் என்றால், நம்மிடம் ஒரு சொல் குறைகிறது. அதைத்தான் தேடுகிறோம்.

இதுவரை வந்த முன்மொழிவுகளுக்கு என் பதில் இது.

> பொறிமாற்று என்று போட்டால் போதுமே. பொறியியல் என்கிறோம், பொறியாளர் என்கிறோம்.

கோவை ஐயா, பொறியியல் என்ற சொல் நிலைத்துவிட்டது, உண்மை. ஆனால் தனியாக ‘பொறி’ என்றால் இங்கே எலிப்பொறியும் நெருப்புப்பொறியும்தான் முதலில் வரும். எங்கள் பள்ளிப் புத்தகங்களே ‘அகத்தகன எஞ்சின்’ என்று எஞ்சினை எஞ்சினாகவே வைத்துக்கொண்டன. அதோடு, ‘மாற்று’ இருக்கும்வரை என் காப்புறுதிச் சிக்கல் தீராது.

> இதயமாற்று

அழகான சொல். கட்டுரைத் தலைப்புக்கு வைக்கலாம், பதிவுப் புத்தகத்தில் எழுத முடியாது. இதயத்தை மாற்றும்போது மனித இதயத்துக்குப் பதிலாக மனித இதயம்தான் வருகிறது. நாம் பெயர் தேடுவது அதற்கு நேர் எதிரான வேலைக்கு.

மூன்றாவது நான் முன்மொழிந்த ‘எஞ்சின் ஒட்டு’. காட்டு மாங்கட்டையில் கறுத்தக்கொழும்பான் என்கிற நல்ல மாவினத்தை ஒட்டுகிற மாதிரி, வேரும் உடம்பும் ஒன்று, மேலே வருவது வேறொன்று. இந்த உவமையில் எனக்கு மிகவும் பிடிப்பு இருந்தது, குழுவிலும் மூன்று பேர் ஆதரித்தீர்கள். அதை இன்று திரும்பப் பெறுகிறேன். காரணம், காத்தான்குடிப் பக்கம் கராச் வைத்திருக்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). என் காரில் வேலை செய்தவர் அவர்தான். ‘காக்கா, எஞ்சின் ஒட்டுறது எண்டா உங்களுக்கு என்ன விளங்குது?’ என்று கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். ‘பிளொக் வெடிச்சதை ஒட்டுறதா தம்பி? இல்ல, எஞ்சினை ஓட்டிப் பாக்கிறதா?’ என்றார். வெடித்த பிளொக்கை, அதாவது எஞ்சினின் உடலை, ஒட்டுவது உண்மையாகவே நடக்கிற வேலை. ஒட்டும் ஓட்டும் ஒரு நெடிலில் மாறுகிற சொற்கள், அதிலும் வாகனத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஓட்டு’ எங்கும் வரும். கராச்சில் ஜெனரேற்றர் சத்தத்துக்குள் ஒருவர் சொல்லி மற்றவர் கேட்க வேண்டிய சொல் இப்படி இருக்கக்கூடாது.

சரி, அவர் அந்த வேலையை எப்படிச் சொல்கிறார்? அன்று பின்னேரம் முழுக்க அவர் பேசியதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். என் காரை அவர் குறிப்பிட்டது ‘சனிட எஞ்சின் பூட்டின மைனர்’ என்று. இன்னொரு வாடிக்கையாளரிடம், ‘அது நேரா வந்து குந்தாது, பூட்டத்தான் வேணும்’ என்றார். பூட்டு! ஈழத்தில் நாங்கள் பொழுது விடிந்தால் இந்தச் சொல்லைத்தான் பாவிக்கிறோம். பேன் பூட்டுகிறோம், லைற் பூட்டுகிறோம், வாவியில் வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டுகிறோம். அதற்கு முன்னால் கரத்தையில் மாடு பூட்டினோம், வயலில் ஏர் பூட்டினோம்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பூட்டு என்றதும் கதவும் சாவியும்தான் நினைவுக்கு வரும் என்று தெரியும். ஆனால் ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் உங்களுக்கும் புதிது இல்லை. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் ஒன்று பூட்டுவில். வில்லின் இரண்டு முனையையும் நாண் இழுத்துப் பிடிப்பதுபோல, செய்யுளின் முதற்சொல்லும் கடைசிச்சொல்லும் கூடிப் பொருள் தருவது. தனித்தனியாக இருக்கிற இரண்டை விசை தாங்கும்படி சேர்ப்பதுதான் பூட்டுதல். எஞ்சினுக்கும் சில்லுக்கும் நடுவில் நடப்பது வேறென்ன? குதிரை பூட்டிய தேரில் குதிரையை அவிழ்த்துவிட்டு வேறு விலங்கைப் பூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் வலுவை நாங்கள் ‘பரிவலு’ என்றும் அளக்கிறோம், பரி என்றால் குதிரைதான். மைனரின் 1098 எஞ்சினுக்கு 48 பரிவலு.

ஆகவே என் முன்மொழிவு மாறுபூட்டு.

‘மாற்றுப்பூட்டு’ ஏன் வேண்டாம் என்றால், மாற்றுச்சாவி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. மாற்றுப்பூட்டு என்றால் கடையில் இன்னொரு பூட்டை எடுத்துக் காட்டுவார்கள். மாறுபூட்டு வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. நடுவில் ப் மிகாது. மாறுவேடம் என்ற சொல் ஏற்கெனவே நம் காதில் இருப்பதால் வாயிலும் இலகுவாக வரும்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு வந்தது. திருக்கோவில் அக்கா எழுதியது:

> பேச்சில் ‘மாறிப் பூட்டிட்டான்’ என்றால் பிழையாகப் பூட்டியதாகத்தானே அர்த்தம்? செருப்பை மாறிப் போட்ட மாதிரி. இடப்பக்கம் பழகின மாட்டை வலப்பக்கம் பூட்டினாலும் அப்படித்தான் சொல்வோம்.

அக்கா, இது இரண்டு நாள் என்னை எழுத விடவில்லை. கடைசியில் எனக்குப் பட்டது இதுதான்: ‘மாறிப் பூட்டினான்’ என்று வினையெச்சமாக வரும்போதுதான் பிழை என்ற பொருள் ஏறுகிறது. ‘மாறுபூட்டு’ ஒரே சொல்லாக நிற்கும்போது ஏறுவதில்லை. மாறுவேடம் போட்டவனை யாரும் பிழையாக உடுத்தவன் என்று சொல்வதில்லை. வினையாக்கும்போது மட்டும் கவனமாக இருப்போம். ‘எஞ்சினை மாறுபூட்டுச் செய்தேன்’ என்று எழுதலாம், ‘மாறிப் பூட்டினேன்’ என்று எழுத வேண்டாம்.

இதற்குத் துணையாக இன்னொரு சொல்லும் வேண்டும். அதே வகை எஞ்சினை மாற்றினால் அது நேர்பூட்டு. நேரும் மாறும் நம் மொழியில் பழைய சோடி. காக்கா சொன்ன ‘நேரா வந்து குந்துற’ எஞ்சினும் அதுதான்.

எல்லை எங்கே என்று கேட்பீர்கள். மைனரின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1948 இல் வந்தபோது அதற்கு 918 சிசி பக்கவால்வு எஞ்சின். 1952 இல் ஒஸ்டினும் மொறிஸும் ஒரே கம்பனியானபின் ஒஸ்டினின் 803 சிசி எஞ்சின் வந்தது. 1956 இல் 948, 1962 இல் 1098. இந்த மூன்றும் ஏ-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். அதே குடும்பத்தின் 1275ஐ வாங்கி 1098 இருந்த இடத்தில் வைத்தால் அதை நேர்பூட்டு என்பேன். ஏ12 அப்படி வராது. எஞ்சின் மவுண்டுக்குப் புது பிறக்கற் வெல்ட் பண்ண வேண்டும், கியர்பொக்ஸையும் சேர்த்துக் கொண்டுவந்தால் கீழே தாங்குகிற குறுக்குச்சட்டத்தை மாற்ற வேண்டும், பின்சில்லுக்கு வலுவைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்ற்றை லேத்தில் கொடுத்து நீளம் சரிபார்க்க வேண்டும். (அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முதலில் நினைத்தது, சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்துக் கிடக்கும் அகலமான எஞ்சினை. அந்த எண்ணம் கைவிடப்பட்டது, பொனற்றுக்குள் அதற்கான அகலம் மட்டும் மிஞ்சியது. மைனருக்குள் வேறு எஞ்சினை இறக்க முடிவது அந்த அகலத்தால்தான். பொனற்றைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவில் வரும்.)

எஞ்சின் ஒன்று வந்தால் அதோடு முடிவதில்லை என்பதற்கு ஒரு சம்பவம். மைனரில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். பழைய டைனமோவுக்கு அது சரி. ஏ12 உடன் டைனமோவுக்குப் பதிலாக ஓல்ரநேற்றர் வந்தது, அதற்கு மறைமுனை (எதிர்முனை) பொடியில் இருக்க வேண்டும். வயரிங் எல்லாம் முடித்தபின் பற்றரியை வைத்தது நான். கை பழகின பழக்கத்தில் நேர்முனையைப் பொடியில் கொடுத்தேன். மற்ற வயரின் நுனி தொட்ட கணமே நீலமாய் ஒரு பொறி பறந்தது, ஓல்ரநேற்றரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை எழுந்தது. பேக்லைற் கருகின மணம் சட்டையை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது. உள்ளே டயோட் எல்லாம் போய்விட்டது. மின்சாரம், குளிர்த்தண்ணி, புகைக்குழாய், பிரேக் என்று காரின் ஒவ்வொரு உறுப்பும் புது எஞ்சினோடு புதிதாக இணங்க வேண்டியிருக்கிறது. ‘மாற்றம்’ என்ற சொல்லுக்குள் அந்த உழைப்பு ஒளிந்துபோகிறது. ‘பூட்டு’ என்றால் இரண்டு பக்கமும் தெரிகிறது.

இன்னொரு வசதி. இந்தச் சொல்லுக்குள் எஞ்சின் என்ற பெயரே இல்லை. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது பழைய காருக்கு மின்மோட்டர் பூட்டலாமா என்று எத்தனை பேர் பேசிக்கொண்டார்கள்! அதை ‘எஞ்சின் மாற்று’ என்று எப்படிச் சொல்வது? ‘மின்மோட்டர் மாறுபூட்டு’ என்றால் தடையில்லை.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். அவர் சமாதி இருக்கிற கல்லடியில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். கராச்சுக்கு ஒரு சொல் நம் கையால் கிடைத்தால் எனக்கு அது பெரிய சந்தோசம்.

கருத்துகளை எழுதுங்கள்.

*

தம்பிக்கு வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மாறுபூட்டு எனக்குச் சம்மதம். எல்லையைப் பற்றி ஒரு கேள்வி.

எங்களிடம் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் நிறைய ஓடினது உமக்குத் தெரியும். அதன் ஏ60 வகைக்குத் தொழிற்சாலையே பெற்றோல் எஞ்சினும் போட்டது, 1489 சிசி டீசல் எஞ்சினும் போட்டது. பெற்றோல் ஏ60 இல் அந்த டீசலை இறக்கினால் கம்பனியே உண்டாக்கின சோடிதான். உமது கணக்கில் அது நேர்பூட்டு. ஆனால் டிஸ்ரிபியூற்றர் இல்லை, கொயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, எரிபொருளே வேறு. அதை எப்படி நேர் என்பது? பெற்றோல் கிடைக்காத காலத்தில் ஒரு போத்தல் மூடி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கார்களையும் யோசியும். அதுவும் மாறுபூட்டா?

*

அண்ணை, நன்றி. நீங்கள் பிடித்தது சரியான இடம்.

மண்ணெண்ணெய்க் கார் மாறுபூட்டு ஆகாது. எஞ்சின் அசையவில்லை, குடித்தது மட்டும் மாறியது. அதற்கு எரிபொருள் மாற்று என்ற பெயர் போதும்.

டீசல் ஏ60 விசயத்தில் என் எல்லைதான் பிழை. பிறக்கற்றை மட்டும் பார்த்தேன். இப்படித் திருத்துகிறேன்: வேலை செய்யும் முறை மாறினாலும் மாறுபூட்டு, காரின் சட்டத்திலோ மவுண்டிலோ புது வேலை தேவைப்பட்டாலும் மாறுபூட்டு. இரண்டும் இல்லாவிட்டால்தான் நேர்பூட்டு. பெற்றோலிலிருந்து டீசல் என்றால் பதிவுப் புத்தகத்தில் எரிபொருளையும் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது, ஆகவே காகிதமும் நம் பக்கம் நிற்கிறது.

அகராதிக் கோப்பில் சேர்க்க வரைவு கீழே. வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருப்பேன்.

மாறுபூட்டு (பெயர்): ஒரு வாகனத்தில் அதற்குரிய எஞ்சினை எடுத்துவிட்டு, இயங்கும் முறையாலோ பொருந்தும் முறையாலோ வேறுபட்ட எஞ்சினையோ மோட்டரையோ பூட்டுதல். எதிர்: நேர்பூட்டு. எ.கா.: இந்த மொறிஸ் மைனர் மாறுபூட்டுச் செய்யப்பட்டது, இப்போதுள்ள எஞ்சின் 1171 சிசி.