'ஹிம்செல்ஃப்' எப்போது ரிஃப்ளெக்சிவ், எப்போது எம்ஃபாட்டிக்?

வணக்கம். ஊர் செங்கோட்டை. மகள் ஏழாம் வகுப்பு, திங்கள்கிழமை பரீட்சை. இந்த இரண்டு ப்ரொனவுனையும் பிரித்துக் காட்டப் பத்து நாளாகத் திணறுகிறேன்.

'ஹி பிளேம்ட் ஹிம்செல்ஃப்' என்றால் தன்னையே நொந்துகொண்டான், செயல் அவன் மேலேயே திரும்புவதால் ரிஃப்ளெக்சிவ்; 'ஹி ஹிம்செல்ஃப் குக்ட்' என்றால் அவனே சமைத்தான், அழுத்திச் சொல்வதால் எம்ஃபாட்டிக். தமிழில் சொன்னதும் அதுவரை புரிந்தது. சொல்லை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நின்றால் எம்ஃபாட்டிக் என்றேன். புனலூரில் டீச்சராக இருக்கும் அக்காவும் இதையேதான் சொன்னார்.

நேற்று நோட்டில் 'ஹி ஷேவ்ட் ஹிம்செல்ஃப்' என்று எழுதி, கடைசிச் சொல்லை விரலால் மறைத்து, "இதுவும் நிக்குதேப்பா, ஆனா ரிஃப்ளெக்சிவ்னு போட்டிருக்கே" என்றாள். நியாயமான கேள்வி. மனப்பாடம் பண்ணு என்று சொல்ல மனசு வரவில்லை.

ஷேவ், வாஷ், டிரெஸ் மாதிரி வினைகளிலும் தப்பாமல் பிரித்துக் காட்ட வேறு என்ன வழி இருக்கிறது?