பாலைப்பழம் வரையத் தெரிந்த ஓவியர் வேண்டும்

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். 2008 போர்க்கால இடப்பெயர்வில் எங்கள் வீட்டுப் புத்தகங்கள் எல்லாம் போயின. கையில் அகப்பட்ட தாளையெல்லாம் வாசித்த அந்தப் பசிதான் இன்று என்னைச் சிறுவர்களுக்கு எழுத வைக்கிறது.

தரம் 3 பிள்ளைகளுக்கான கதை தயார், 24 பக்கம். இரணைமடுக் குளத்தின் பக்கத்துக் காட்டில் பாலைப்பழம் தேடிப் போகும் அண்ணனும் தங்கையும். படங்கள்தான் சிக்கல். வெளியூர் ஓவியர் ஒருவர் பாலைப்பழத்தை மாம்பழம் அளவுக்கு வரைந்தார். அது சின்னஞ்சிறு மஞ்சள் பழம், தின்றால் பால் உதட்டில் ஒட்டும். எங்கள் பிள்ளைகள் உடனே பிழை பிடித்துவிடுவார்கள். நிழற்படங்கள் அனுப்பியும் சரிவரவில்லை. கணினியில் உருவாக்கிய படங்களில் முகங்களே அந்நியம். சித்திர ஆசிரியர்களுக்கு நேரமில்லை.

தைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்; ஊதியம் உண்டு. வன்னிக் காட்டை நேரில் கண்ட, நீர்வண்ணத்தில் வரையும் ஓவியர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?