சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் நுண்பிளாஸ்டிக் எண்ணுவது

கேள்வி: யாழ்ப்பாணத்து வலிகாமக் கிணறுகளில் நுண்பிளாஸ்டிக் இழைகளை எண்ணுகிறோம். வடிதாளில் வெள்ளைத் துகள் படிந்து எல்லாவற்றையும் மறைக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: அது கல்சியம் காபனேற்று. ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நுரை அடங்கியதும் வடித்த நீரால் கழுவுங்கோ. செறிந்த அமிலம் வேண்டாம், நைலோன் இழை பழுதாகும். பிறகு பாசி போன்ற சேதன அழுக்கைக் கரைக்க 30% ஐதரசன் பேரொட்சைட்டு. சூடு 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது.

பதில் 2: அதற்கு முதல் வாளியைப் பாருங்கோ. நைலோன் கயிறும் பிளாஸ்டிக் வாளியும் தாங்களே இழை உதிர்க்கும். உருக்கு வாளி, கண்ணாடிப் போத்தல் பாவியுங்கோ. ஒவ்வொரு நாளும் வடிகட்டிய நீரை அதே பாத்திரங்களில் ஓட்டி வெற்று மாதிரி (கிணற்று நீர் சேராத ஒப்பீட்டு மாதிரி) எடுக்காவிட்டால் எண்ணிக்கைக்குப் பெறுமதியே இல்லை. பெருமழைக்குப் பிறகும் கிணற்று மாதிரி கட்டாயம் எடுங்கோ: மண் மெல்லிசு, மலக்குழி நீர் கல்வெடிப்புகளால் வடிபடாமலே இறங்கும்.

பதில் 3: கல்வெடிப்பைப் பற்றி பதில் 2இல் அண்ணை சொன்னது சரி. 2019இல் வெளியான இல்லினோய் சுண்ணாம்புக்கல் நீராய்வில் 17 மாதிரிகளில் 16இல் இழைகள், லீற்றருக்கு 15.2 வரை. இன்னொன்று, இழைகளை மிதக்கவிட்டுப் பிரிக்கப் பாவிக்கும் கறியுப்புக் கரைசலின் அடர்த்தி (கன சென்ரிமீற்றருக்கு கிராம்) 1.2 தான்; உடுப்புத் தோய்க்கும் நீரில் வரும் பொலியெஸ்டர் 1.38, அடியில் தங்கிவிடும். நாகக் குளோரைட்டுக் கரைசலை 1.6க்குக் கலவுங்கோ. காபனேற்று மிஞ்சியிருந்தால் அதுவும் நுரைக்கும், ஆகவே அமிலக் கழுவல் முதலில். பருத்தி இழையைப் பிரித்தறிய அகச்சிவப்பு நிறமாலை வேணும், கண்ணை நம்பேலாது.